தேய்மானம்னு சொல்லாதீங்க டாக்டர்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால ரொம்ப நாளா எதுவும் எழுதல. ஆனா போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப பார்த்த ஒரு காட்சி மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. எழுதித் தொலைச்சாத்தான் தூக்கம் வரும் போல.

(ஊர்னா கீரனூர். பழநி பக்கத்துல ஒரு கீரனூர் இருக்கு, அது இல்ல. திருச்சியிலேர்ந்து புதுக்கோட்டை போற ரோட்டுல இருக்கற கீரனூர். பஸ்ல அசந்து தூங்கிட்டா நேரா புதுக்கோட்டைதான். எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு.)

காட்சி இதுதான். அம்மா கட்டில்ல உக்காந்திருக்கு. மூக்குக் கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. காலுக்கு ஒரு அடி தள்ளிக் கிடக்கு. அம்மா வாசலைப் பார்த்து பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் கூப்பிடுது, கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்லி.

"ஏம்மா, குனிஞ்சு எடுக்க வேண்டியதுதான?"

"குனியக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருல்ல தம்பி. ஜவ்வு விலகியிருக்குல்ல."

ரொம்ப சாதாரணமா சொல்லுச்சு. எனக்குத்தான் வயித்தை என்னமோ பண்ணிடுச்சு.

இந்த அம்மா யாருன்னு கொஞ்சம் சொல்லணும். கொசுவர்த்தி சுத்திக்கறேன். 1991-92ல எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் அப்ப கலெக்டர். எழுத்தறிவோட சேர்த்து பொம்பளைங்களுக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தாங்க. பாவாடை தாவணியில, புடவையில, ஆயிரக்கணக்குல பொண்ணுங்க சைக்கிள்ல ஏறின கதையை பி. சாய்நாத் எழுதப்போய் உலகத்துக்கே தெரிஞ்சுது. அந்த ஆயிரத்துல எங்கம்மாவும் ஒருத்தி. அப்ப இருபது வயசு. அதுக்கப்புறம் முப்பது வருஷம் சைக்கிளை விடல. கேரியர்ல ஒரு குடம், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குடம்னு கட்டிக்கிட்டு தண்ணி கொண்டாந்த ஆளு. கடலை சீசன்ல பிடுங்கறது, ஆயறது, நடவு, களை எல்லாமே இடுப்பை வளைச்சு செய்யற வேலைதான். நான் இஞ்சினியரிங் படிச்ச ஃபீஸ்ல பாதி அந்த இடுப்பு கட்டினது.

அந்த ஆளு இப்ப கண்ணாடியை எடுக்க ஆள் கூப்பிடுது.

எப்படி இந்த இடத்துக்கு வந்துச்சுன்னு பின்னாடி போய்ப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு முன்னாடி கடலை பிடுங்கும்போது குறுக்கு பிடிச்சுக்கிச்சு. ஊர்ப் பக்கம் ஒரு கிளினிக்குல ஊசி போட்டாங்க. மூணு நாள் தேவலாம்னு இருந்துச்சு. திரும்ப வலி, திரும்ப ஊசி. மூணாவது தடவை வேற டாக்டர், எக்ஸ்ரே, "எலும்பு தேய்மானம்". அப்புறம் டவுன்ல ஒரு ஸ்கேன். "ஜவ்வு விலகியிருக்கு. குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, கீழ உக்காராதீங்க." ஒரு நிமிஷத்துல முடிஞ்சுபோன பேச்சு. எட்டு மாசமா அம்மா அதை சட்டம் மாதிரி கடைப்பிடிக்குது. சைக்கிள் ஓரமா சாஞ்சு கிடக்கு. வாசல்ல கோலம் பக்கத்து வீட்டுப் பாப்பா போடுது. பஞ்சாரத்தைக் குனிஞ்சு தூக்க முடியாதுன்னு கோழிகளையெல்லாம் வித்தாச்சு.

இதுல நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. ஆன்லைன்ல இடுப்பு பெல்ட் வாங்கி அனுப்பினது நான். "இனிமே ஒரு வேலையும் செய்யக்கூடாது, நான் சம்பாதிக்கறேன்ல"ன்னு போன்ல டயலாக் விட்டதும் நான்தான். பாசம்னு நெனச்சேன்.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் படிச்சேன். எல்4-எல்5 டிஸ்க் லேசா வீங்கியிருக்கு, நரம்பு எங்கயும் நசுங்கல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா என்னோட ரிப்போர்ட்லயும் கிட்டத்தட்ட இதே வரிதான் இருக்கு! ரெண்டு வருஷம் முன்னாடி, பெங்களூர்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் பொட்டி தட்டிக்கிட்டிருந்த காலத்துல, எனக்கும் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குங்கிற தைரியத்துல நானா போய் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கிட்டு ஒரு டாக்டர்கிட்ட நின்னேன். அவர் படத்தை அரை நிமிஷம் பார்த்தாரு. அப்புறம் கால் மணி நேரம் பேசினாரு. "இது முடி நரைக்கற மாதிரிப்பா. வலியே இல்லாத ஆளுங்களுக்கும் இருக்கும். தினமும் நட. வலிச்சாலும் மெதுவா நட. உடைஞ்சுடாது." அவ்வளவுதான். மூணு வாரத்துல சரியாப்போச்சு. இப்ப ஞாயித்துக்கிழமை ஷட்டில் ஆடறேன். (ஆடறேன்னு நான் சொல்லிக்கறேன். எதிர்ல ஆடறவங்க வேற மாதிரி சொல்லுவாங்க.)

ஒரே மாதிரி வரி, ரெண்டு ரிப்போர்ட். அந்த வரியை எப்படி வாசிச்சுக் காட்டினாங்கங்கிறதுலதான் இவ்வளவு வித்தியாசமும்.

அந்த டாக்டர் சும்மா ஆறுதலுக்கு சொல்லல. 2015ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு இருக்கு. முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரோட ஸ்கேன்களை வெச்சுப் பார்த்தாங்க. இருபது வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் வீக்கம், முப்பது வயசுல 40, ஐம்பதுல 60 சதவீதம். "தேய்மானம்" கணக்கு இன்னும் ஜாஸ்தி, ஐம்பது வயசுல 80 சதவீதம். இவங்க யாருக்கும் வலி கிடையாதுங்கிறதை மறந்துடாதீங்க. நம்ம பாஷையில சொன்னா, கம்பைலர் நானூறு வார்னிங் துப்பும், ப்ரோக்ராம் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். ஓடறதை நிறுத்திட்டு வார்னிங்கை வாசிச்சு அழற டமேஜரை நாம எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கோம்!

கோபம் கோபமா வந்துச்சு. கூடப் படிச்ச ஒரு நண்பன் டாக்டரா இருக்கான், மாவட்டத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல. அவனை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வரச்சொல்லி எல்லாத்தையும் கொட்டினேன். "உங்காளுங்க ஒரே வார்த்தையில எங்கம்மாவ ஊனமாக்கிட்டீங்கடா"ன்னு கத்தினேன். டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தாரு.

அவன் அமைதியா டீயைக் குடிச்சு முடிச்சான். "சரி மாப்ள, இப்ப என் சேர்ல உக்காரு"ன்னு ஆரம்பிச்சான்.

"காலையில நூறு டோக்கனுக்கு மேல. சுகர், பிரஷர், காய்ச்சல், கர்ப்பிணி, நாய்க்கடி. நடுவுல ஒரு அம்மா வந்து 'குறுக்கு வலி, ஒரு ஊசி போட்டு வுடுங்க சார்'ங்கும். ஊசியில போற மருந்தை மாத்திரையா முழுங்கினாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான். அதைச் சொன்னா 'ஊசி போடத் தெரியாத டாக்டரு'ன்னுட்டு அடுத்த தெருவுக்குப் போயிடும். அங்க எவன் என்னத்தைக் கலந்து போடுவான்னு எனக்குத் தெரியாது. அதுக்கு நானே போட்டுடலாம்னு போட்டுடறேன்."

"சரி, தேய்மானம்னு ஏன்டா சொல்றீங்க?"

"சொல்லலன்னா நம்ப மாட்டாங்க மாப்ள. 'உங்களுக்குப் பெருசா ஒண்ணும் இல்லம்மா'ன்னு ஒருத்தங்ககிட்ட சொன்னேன். 'அப்ப நான் வேலைக்குப் போகாம இருக்க பொய் சொல்றேன்ங்கிறீங்களா'ன்னு அழுதுட்டாங்க. புருஷன், மாமியாருக்கு முன்னாடி வலிக்கு ஒரு பேரு வேணும் அவங்களுக்கு. தேய்மானம்ங்கிறது ஒரு பேரு. கைகாட்ட ஒரு எக்ஸ்ரே."

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவன் விடல.

"இன்னொண்ணு, எனக்கும் பயம் இருக்கு. நூறு குறுக்கு வலியில ஒண்ணு முதுகெலும்பு டிபியா இருக்கும், கேன்சரா இருக்கும். நம்ம ஊர்ல அது இல்லாத விஷயம் இல்ல. அதை நான் தவறவிட்டா? எம்.பி.பி.எஸ்.ல எலும்பு முறிவு படிச்சோம், கட்டி படிச்சோம். சும்மா வலிக்கிற முதுகைப் பத்தி எவ்வளவு படிச்சோம்னு நெனைக்கிற?"

இத்தனைக்கும் சும்மா வலிக்கிற முதுகுதான் உலகத்துல ஜாஸ்தி. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 2020ல 61.9 கோடி பேருக்குக் கீழ்முதுகு வலி. மனுஷனை முடக்கிப் போடற காரணங்கள்ல உலக அளவுல இதுதான் முதலிடம். அதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் இன்ன உறுப்புல இன்ன கோளாறுன்னு கைகாட்ட முடியாத வகை. அந்த 90 சதவீதத்தைப் பார்க்க டாக்டருக்குக் கிடைக்கற நேரம்? 2017ல 67 நாடுகளை வெச்சு ஒரு கணக்குப் போட்டாங்க. ஸ்வீடன்ல ஒரு நோயாளிக்கு 22 நிமிஷத்துக்கு மேல, வங்கதேசத்துல 48 நொடி. நம்ம நாட்டுக் கணக்கு சுமார் ரெண்டு நிமிஷம். ரெண்டு நிமிஷத்துல பயத்தைக் கொடுக்கலாம், ஊசியைக் கொடுக்கலாம். தைரியத்தைக் கொடுக்க முடியாது. என் பெங்களூர் டாக்டர் எங்க ஊர் டாக்டரை விட ஒசத்தின்னு இவ்வளவு நாள் நெனச்சிருந்தேன். நான் காசு கொடுத்து வாங்கினது அந்தக் கால் மணி நேரத்தைத்தான்.

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில படுத்துக்கிட்டு யோசிச்சதுல ஒண்ணு புரிஞ்சுது. ரெண்டு பேரும் ஒரே தமிழ்ல பேசறாங்க, ஆனா ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் போய்ச் சேரல. அம்மா "ஊசி போடுங்க"ன்னா "நாளைக்கு எனக்கு வேலை இருக்கு"ன்னு அர்த்தம். டாக்டர் "ரெஸ்ட் எடுங்க"ன்னா "பெருசா எதுவும் இல்ல, தானா சரியாகும்"னு அர்த்தம். அது அம்மா காதுல "நான் இனிமே உதவாக்கரை"ன்னு விழுது. "தேய்மானம்"ங்கிறது டாக்டருக்கு நரைமுடி மாதிரி ஒரு சாதாரண விஷயம். அம்மாவுக்கு? தேஞ்ச செருப்பு, தேஞ்ச டயர், தேஞ்ச கத்தி. தேஞ்சது எங்கயாவது திரும்ப வளர்ந்து பார்த்திருக்கீங்களா? மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்திக்கணும்னு யாரா இருந்தாலும் பொத்திப் பொத்தித்தான் வெப்பாங்க. குனியாம இருக்கறது எங்கம்மாவோட முட்டாள்தனம் இல்ல. அந்த வார்த்தையை அப்படியே நம்பினா அதுதான் புத்திசாலித்தனம்.

இதுல கொடுமை என்னன்னா நம்மகிட்ட ஏற்கெனவே நல்ல வார்த்தை இருந்துச்சு. பிடிப்பு. "குறுக்கு பிடிச்சுக்கிச்சு"ன்னு அப்பத்தா சொல்லும். பிடிச்சதுன்னா விடும். வார்த்தைக்குள்ளயே வைத்தியம் இருக்கு. அப்பத்தாவுக்குக் குறுக்கு பிடிச்சா, பொறக்கும்போது காலு முன்னாடி வந்து பொறந்த ஆளைத் தேடிப் பிடிச்சுக் கூட்டியாரச் சொல்லும். குப்புறப் படுத்துக்கிட்டு இடுப்புல மெதுவா மிதிக்கச் சொல்லும். (எங்க தெருவுல ஒரு அண்ணன் இந்த ஒரே தகுதியில எல்லா வீட்டுலயும் காபி குடிச்சுக்கிட்டிருந்தாரு.) எண்ணெய் தடவி நீவி விட்டுக்கும். மறுநாள் "இன்னும் முழுசா விடல"ன்னு முனகிக்கிட்டே வயலுக்குப் போயிடும்.

மிதிச்சாத்தான் சரியாகும்னு நான் சொல்ல வரல. டாக்டர்கிட்ட போகாதீங்கன்னும் சொல்ல வரல. ஆனா "முனகிக்கிட்டே வயலுக்குப் போறது" இருக்கு பாருங்க, அதுல விஷயம் இருக்கு. 1995லயே ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை மூணு கூட்டமாப் பிரிச்சுப் பார்த்தாங்க. ஒரு கூட்டத்துக்குப் படுக்கை, ஒரு கூட்டத்துக்கு முதுகுப் பயிற்சி, ஒரு கூட்டத்துக்கு "தாங்கற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்க". மூணாவது கூட்டம்தான் சீக்கிரம் தேறுச்சு. 2014ல ஆஸ்திரேலியாவுல 1600 பேருக்கு மேல வெச்சு, திடீர்னு வர்ற முதுகுவலிக்கு பாரசிட்டமாலையும் வெத்து மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தாங்க. ஒரு கூட்டத்துக்கு 17 நாள், இன்னொரு கூட்டத்துக்கு 16 நாள். வெத்து மாத்திரைக்குத்தான் 16! 2024ல அதே ஆஸ்திரேலியாவுல, வலி வந்து தேறினவங்களைப் படிப்படியா நடக்க வெச்சாங்க. சும்மா விட்டவங்களுக்கு 112 நாள்ல வலி திரும்ப வந்துச்சுன்னா, நடந்தவங்களுக்கு 208 நாள் ஆச்சு.

2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்குன்னே வழிகாட்டுதல் கொடுத்துச்சு. அதுவும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இல்ல, ஆரம்ப சுகாதார மட்டத்துக்கு. நோயாளிக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்றது, உடற்பயிற்சி, சில வகை வலி மாத்திரை, ஏன், நீவி விடற மசாஜ் கூட அதுல இருக்கு. வேணாம்னு ஒதுக்கின பட்டியல்ல என்ன இருக்கு தெரியுமா? இடுப்பு பெல்ட். நான் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கி அனுப்பின அதே ஐட்டம். அப்பத்தா ஜெயிச்சுடுச்சு, இஞ்சினியர் தோத்துட்டான் :-)

ஊசி பத்தி ஒரு உபரித் தகவல். ஊர் ஊரா போடற டைக்ளோஃபெனாக் மருந்தை மாட்டுக்கும் போட்டு, செத்த மாட்டைத் தின்ன கழுகெல்லாம் கூட்டம் கூட்டமா அழிஞ்சுது. 2006ல மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை. மனுஷனுக்குன்னு விக்கற பெரிய பாட்டிலை மாட்டுக்குத் திருப்பிவிடறாங்கன்னு, 2015ல மனுஷ ஊசி பாட்டில் அளவையும் 3 மில்லியாக் குறைச்சாங்க. நம்ம குறுக்கு வலிக்கும் கழுகுக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு.

சரி, என்னதான் செய்யணும்ங்கிற? கேக்கறது காதுல விழுது.

என் கருத்து இதுதான். டாக்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, ரெண்டு நிமிஷத்தை அவரால நீட்ட முடியாது. ஆனா பேசற வேலையைப் பிரிச்சுக் கொடுக்கலாம். 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போற ஏற்பாடு உண்டு. நல்ல திட்டம். ஆனா அந்தச் சேவை பெரும்பாலும் படுத்த படுக்கையா ஆனவங்களுக்கு. நான் கேக்கறது, படுக்கறதுக்கு முன்னாடி. ஆரம்ப சுகாதார நிலையத்துல வாரத்துக்கு ஒரு நாளாவது ஒரு பிசியோதெரபிஸ்ட் உக்காரட்டும். டாக்டர் ரெண்டு நிமிஷத்துல ஆபத்து எதுவும் இல்லன்னு பார்த்துட்டு, "அந்த ரூமுக்குப் போங்கம்மா"ன்னு கைகாட்டட்டும். அந்த ரூம்ல ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும்: "வலியால எந்த வேலையை விட்டீங்க?" அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். களை எடுக்கற பொம்பளைகிட்ட "குனியாதீங்க"ன்னா அது வைத்தியம் இல்ல, வேலை நீக்க உத்தரவு. எப்படிக் குனியறது, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை நிமிர்றது, குடத்தை எந்தப் பக்கம் மாத்தறதுன்னு சொல்லணும். ரெண்டு வாரம் கழிச்சு வரச்சொல்லணும். ஸ்கேனுக்கு ஆகற காசோட ஒப்பிட்டா இதெல்லாம் ஒரு செலவே இல்ல.

அப்புறம் அந்த வார்த்தை. அதை மாத்த பட்ஜெட்ல ஒரு பைசா ஒதுக்க வேண்டாம். வலிக்கு ஒரு பேரு வேணும்னு நண்பன் சொன்னது நூத்துக்கு நூறு நியாயம். ஆனா விடற பேரா வெச்சுத் தொலைங்களேன்!

இதை நண்பன்கிட்ட சொன்னேன். "பிடிப்புன்னா எக்ஸ்ரே கேப்பாங்களே"ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "ட்ரை பண்றேன்"னான். மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுட்டு அம்மாகிட்ட அரை மணி நேரம் பேசினான். ரிப்போர்ட்டை மடியில வெச்சுக்கிட்டு, என்னோட ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சு, "அம்மா, உங்க பையனுக்கும் இதேதான் இருக்கு, அவன் குதிச்சுக்கிட்டுத்தானே திரியறான்?"னு கேட்டான். அம்மா என்னைப் பார்த்துச்சு. அது முகத்துல நிம்மதி வரும்னு எதிர்பார்த்தேன். வந்தது கவலை. "இவனுக்கும் ஜவ்வு விலகியிருக்கா? ஏன்டா எங்கிட்ட சொல்லல?" போச்சுடா! அன்னிக்கு முழுக்க என்னை ஒரு வாளி தண்ணி தூக்க விடல.

நான் கிளம்பற அன்னிக்குக் காலையில, கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, முழங்காலை மடக்கி, கீழ கிடந்த துண்டை எடுத்துச்சு. எடுத்துட்டு அப்படியே நின்னு, ஏதாவது ஆகுதான்னு பார்த்துச்சு. ஒண்ணும் ஆகல. முந்தாநாள் போன் பண்ணினப்ப ரெண்டு கோழிக்குஞ்சு விலை கேட்டிருக்கறதா அப்பா சொன்னாரு. அம்மா போனைப் பிடுங்கி, "வலி முழுசா விடல தம்பி, அந்த டாக்டர் தம்பி வந்தா ஒரு ஊசி போட்டு வுடச் சொல்லு"ன்னுச்சு.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்ல. முதுகு வலியோட மூத்திரம், மலம் கட்டுப்பாடு இல்லாம போனாலோ, ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கிட்டாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்தாலோ அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, முன்னாடி கேன்சர் வந்தது, விழுந்து அடிபட்டது இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. அவர் கேக்கலன்னாலும் நீங்களா சொல்லுங்க.